தட்டார் வேலையில் ஒன்பது படி பாக்கி

மாதா துணை

தோணிரேவு,
16.7.2023, கார்மேல் மாதா திருநாள்

என் தங்க மகள் ஜெஸ்ஸிக்கு அம்மா எழுதுவது.

பூசை முடிந்து வந்து, மீனைக் கழுவி மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நானும் நைனாவும் சுகம். ஏரியில் நண்டு சுமார்தான், ஆனாலும் அடுப்பு எரிகிறது. நீ மடத்துக்குப் போய் ஒரு மாதம் ஓடிவிட்டது. அங்கே செல்போன் கூடாது, கடிதம்தான், அதுவும் அளவாகத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாய். செபப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நானாக எழுதக் கற்றவள் நான். தப்பு இருந்தால் சிரிக்காதே.

கோயிலில் இப்போது எனக்கு முன்வரிசை. "சிஸ்டரம்மா, இங்க வந்து குந்துங்க"ன்னு சோபியா நகர்ந்து இடம் விடுகிறாள். போன வருஷம் குழாயடியில் என் குடத்தைக் காலால் தள்ளி வைத்த அதே சோபியா. எல்லாம் உன்னால்தான், கண்ணு.

நீ சொல்லிவிட்டுப் போன வேலைக்கு வருகிறேன். "அம்மா, அந்த ஆன்லைன் ஆட்டத்துல எம் பையில சுரேஷ் அண்ணனும் வளர்மதியும் குடுத்த செம்பும் கல்லும் கீது. திருப்பிக் குடுத்துட்டு ஆப்பை அழிச்சிடு"ன்னு பஸ் ஏறும்போது சொன்னாய். பிறத்தியார் பொருள் நம்மிடம் இருக்கக் கூடாது என்று நானும் அந்த வாரமே உன் போனைத் திறந்தேன். உன் பொம்மை ஏதோ ஒரு கோட்டை வாசலில் நின்றது. உன் மாதிரியே ஒற்றைப் பின்னல், உன் மாதிரியே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அழிக்கக் கை வரவில்லை. அதற்குள் போனுக்குள்ளிருந்து ஒரு குரல், "ஜெஸ்ஸி! எங்கடி போயிட்ட இவ்ளோ நாளா?" என்று கத்தியது. போன் அரிசி முறத்திலேயே விழுந்துவிட்டது.

"நான் ஜெஸ்ஸி இல்லப்பா, அவ அம்மா. அவ மடத்துக்குப் போயிட்டா."

"மடத்துக்கா? இன்னா ஆன்ட்டி, லவ் ஃபெயிலியரா?"

"வாயக் கழுவு. தேவ அழைத்தல்."

அந்தப் பையன்தான் சுரேஷாம். காசிமேட்டில் ஐஸ் கம்பெனி வேலை. வளர்மதி என்ற பெண் காரைக்காலில் தையல் கடை வைத்திருக்கிறாள். செம்பையும் கல்லையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் இரண்டு பேரும் மாட்டேன் என்கிறார்கள். "அத்த வாங்கி நாங்க இன்னா பண்றது ஆன்ட்டி? நம்ம குழுவுல நகை செய்யத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான். அவ முன்னூறு லெவல் போனாதான் எங்களுக்கு நல்ல மோதிரம், நல்ல மாலை. அதுக்காகத்தான் நாங்க ஆளுக்குக் கொஞ்சம் சேத்துக் குடுத்தோம்" என்கிறான். நீ நின்றது அறுபத்திரண்டாம் லெவலில்.

பாதியில் நிற்கிற வேலையைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது என்பது உனக்குத் தெரியும். "எப்படிச் செய்யறது, சொல்லுங்க"ன்னு கேட்டுவிட்டேன். நைனா தலையில் அடித்துக்கொண்டார். நம்ம ஊரில் நகை செய்கிறவரைத் தட்டார் என்போம், அதனால் நான் இதற்குத் தட்டார் வேலை என்று பெயர் வைத்துவிட்டேன். நீ கோபிக்கவில்லை என்றால் தொடர்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. முழங்கால் போட்டு ரொம்ப நேரம் இருந்தால் கீழே துணி மடித்துப் போட்டுக்கொள். சாமி பெண்சாதியாகப் போகிறவள் என்றாலும் முழங்கால் என்னவோ நான் பெற்றதுதான்.

உன் அம்மா
மார்கரெட்


நவகன்னியர் இல்லம்,
13.8.2023

அன்புள்ள அம்மாவுக்கும் நைனாவுக்கும் உங்கள் மகள் எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே வருகிற கடிதங்களையும் போகிற கடிதங்களையும் பொறுப்புச் சிஸ்டர் படித்துவிட்டுத்தான் தருவார். உங்கள் கடிதத்தை அவர் படித்தபோது சிரித்த சத்தம் வராந்தாவில் கேட்டது. "லவ் ஃபெயிலியர்" என்ற இடமாக இருக்கும்.

நான் நலமாக இருக்கிறேன். விடியும் முன்பே எழுந்து தியானம், பூசை, பிறகு சமையலறை, தோட்டம், வகுப்பு. மாலையில் ஒரு மணி நேரம் எல்லோரும் சேர்ந்து இருப்போம். மற்ற நேரம் மௌனம். சாப்பாடு நன்றாக இருக்கிறது. மீன் இல்லை, அவ்வளவுதான்.

அம்மா, அந்த வேலையை நீங்கள் தொடர்வதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த ஆட்டத்திலேயே அதிகச் செலவு பிடிக்கிற தொழில் அதுதான். தெரியாமல்தான் எடுத்தேன். ஒரு நகையின் பெயர் மஞ்சளாக இருக்கும் வரை, செய்தால் அநேகமாக லெவல் ஏறும். பச்சையானால் எப்போதாவது ஏறும். சாம்பல் நிறமாகிவிட்டால் எத்தனை செய்தாலும் ஏறாது. அப்போது அதைவிட விலை கூடிய நகைக்குப் போக வேண்டும். கைக்காசு போட்டு எதுவும் வாங்கிவிடாதீர்கள்.

பிடிக்கவில்லை என்றால் தொழில் பக்கத்தில் கீழே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் அந்தத் தொழிலை மறந்துவிடலாம். மறுபடி முதலிலிருந்துதான் கற்க வேண்டும். ஆனாலும் விடலாம். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நைனாவை வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இயேசுவின் அன்பில்,
நவகன்னி ஜெஸ்ஸி


மாதா துணை

தோணிரேவு,
22.10.2023

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது.

அதென்ன திடீரென்று "நீங்கள்", "உங்கள்"? யாரோ வட்டாட்சியர் அம்மாவுக்கு எழுதின மாதிரி இருக்கிறது. மடத்து மரியாதை என்றால் சரி, பொறுத்துக்கொள்கிறேன்.

மழை வருகிறது போகிறது. நைனாவுக்கு இரண்டு நாள் நல்ல இறால். கோயில் சந்தா கட்டிவிட்டேன்.

ஜெஸ்ஸி, உன் தட்டார் வேலை இருக்கிறதே, இது தொழிலா தண்டனையா? ரேஷனும் சந்தாவும் எழுதுகிற நோட்டின் பின்பக்கத்திலிருந்து இதற்கும் கணக்கு எழுதுகிறேன். ஒரு செம்பு மோதிரத்துக்குச் சாமான் செலவு பதினாலு காசு. செய்த மோதிரத்தைக் கடைக்காரன் மூன்று காசுக்கு எடுக்கிறான். எந்த ஊர் தட்டார் இப்படிப் பிழைப்பார்? "ஆன்ட்டி, மோதிரம் விக்கறதுக்கு இல்ல, கை பழகறதுக்கு" என்கிறாள் வளர்மதி. கை பழகுகிறதோ இல்லையோ, வயிறு எரிகிறது.

இதில் ஞாயிற்றுக்கிழமை நான் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. சுரேஷ் கத்துகிறான், "ஆன்ட்டி, ஞாயித்துக்கிழமதான் கல்லு சீப்பு! அன்னிக்குதான் எல்லாரும் சண்ட போட்டுட்டு வந்து கொட்றானுங்க!" ஆண்டவருடைய நாளில் வியாபாரம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். "அப்போ திங்கக்கிழம டபுள் ரேட் குடுங்க" என்கிறான். கொடுக்கிறேன். லெவல் நூற்றித்தொண்ணூறு வந்துவிட்டது. கைக்காசு ஒரு பைசா போடவில்லை. கண்ணுக்குத் தெரியாத கல்லுக்குக் கண்ணுக்குத் தெரிகிற காசைக் கொடுப்பேனா?

ஒரு கூத்து சொல்கிறேன், பொறுப்புச் சிஸ்டரும் சிரிக்கட்டும். நூற்றைம்பதாம் லெவலுக்கு மேல் வெள்ளி வேண்டும். பனிமலையில் ஓர் இடத்தில்தான் நிறைய இருக்கிறது. யார் முதலில் வெட்டுவது என்று நம் குழுவுக்குள்ளேயே தினமும் அடிதடி. "எங்க ஏரியில நெனச்சவன் நெனச்ச எடத்துல வல போட முடியாது. பாடுன்னு ஒண்ணு கீது. சீட்டு எடுத்து, இன்னிக்கு இந்த எடம் இவனுக்கு, நாளைக்கு அவனுக்குன்னு முறை. ஒருத்தன் பாட்டுல இன்னொருத்தன் கை வைக்க மாட்டான்"னு சொன்னேன். எல்லோருக்கும் பிடித்துப்போய் சீட்டு எடுத்தோம்.

புதன்கிழமை வளர்மதி பாடு. அவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. நான் மலைக்குப் போய் வெள்ளிக்குப் பக்கத்திலேயே காவல் நின்றேன். பளபளவென்று கண்ணைப் பறிக்கிறது. தொடவில்லை. வேறு குழு ஆள்கள் நாலு பேர் குதிரையில் வந்தார்கள், வழித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"நீங்களாவது வெட்டியிருக்கலாமே ஆன்ட்டி!"

"உன் பாடும்மா அது."

"அவனுங்களுக்கு நம்ம பாடு தெரியாதே!"

சுரேஷ் சிரித்த சிரிப்பில் அவன் போன் சார்ஜே தீர்ந்துவிட்டதாம். நான் என் பங்குக் காசில் ஆட்டத்துச் சந்தையில் வெள்ளி வாங்கி அவளுக்குக் கொடுத்துவிட்டேன். முறை என்றால் முறை.

ஃபாதர் போன வாரம் பிரசங்கத்திலேயே உன்னைச் சொன்னார். "தோணிரேவு ஏரி முதல் முத்தை ஆண்டவருக்குக் கொடுத்திருக்கிறது" என்றார். எனக்கு அழுகை. நைனா குனிந்துகொண்டார்.

உன் அம்மா
மார்கரெட்


நவகன்னியர் இல்லம்,
10.12.2023

அன்புள்ள அம்மாவுக்கும் நைனாவுக்கும்,

புயல் என்று கேள்விப்பட்டு மூன்று நாள் செபத்தில் மனமே நிற்கவில்லை. பங்கு ஃபாதர் எங்கள் மடத்துக்குப் போன் செய்து, தோணிரேவில் வீடுகள் நிற்கின்றன, உயிருக்குச் சேதமில்லை என்று சொன்ன பிறகுதான் சாப்பிட்டேன். நைனாவின் படகு எப்படி இருக்கிறது?

உங்கள் பாடு கதையைப் பொறுப்புச் சிஸ்டர் மாலை நேரத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். இப்போது இங்கே குளியலறைக்குக் கூடப் பாடு போட்டிருக்கிறார்கள். சிஸ்டர் உங்கள் லெவலைக் கேட்கச் சொன்னார்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும் அம்மா. இவ்வளவு தூரம் ஏறிய பிறகு யாராவது அந்தத் தொழிலை மறந்திருக்கிறார்களா? உங்கள் குழுவில் அப்படி யாராவது உண்டா? விட்ட பிறகு மற்றவர்கள் என்ன சொன்னார்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

இங்கே குளிர் அதிகம். எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன். எனக்காகச் செபியுங்கள்.

இயேசுவின் அன்பில்,
நவகன்னி ஜெஸ்ஸி


மாதா துணை

தோணிரேவு,
18.2.2024, தவக்காலம் முதல் ஞாயிறு

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது.

பதில் தாமதம். புயலில் ஓடு பறந்த இடத்தில் தார்ப்பாய் போட்டு, பிறகு ஓடு மாற்றி, அதற்கு மனு எழுதி என்று பொழுது போய்விட்டது. படகுக்குச் சின்னக் கீறல், நைனா அடைத்துவிட்டார். நண்டு வலை இரண்டு போனது.

முதலில் நல்ல சேதி. ஜூன் மாதம் நீ முதல் வார்த்தைப்பாடு கொடுத்துச் சிஸ்டர் ஆகிற பூசைக்குக் குப்பமே கிளம்புகிறது. பஸ் பேசி முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்கு வீடு காசு போட்டார்கள், வீடு ஒழுகுகிறவர்கள்கூடப் போட்டார்கள். பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை எடுக்கலாம் என்று சோபியா சொல்கிறாள். ஃபாதர் பூசையில் அறிவித்துவிட்டார். உனக்கு மாலை கட்டப் பக்கத்து வீட்டு அனிதா இப்போதே பூக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறாள்.

தொழிலை விட்டவர் உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டே, கேள். எங்கள் குழுவில் சந்தோஷ் என்று ஒரு பையன். கவசம் அடிக்கிற கொல்லர் வேலை. எல்லோரும் இரும்பு கொடுத்து, கரி கொடுத்து இருநூற்றி நாற்பது வரை ஏற்றிவிட்டோம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒரு நாள் பொத்தானை அழுத்தி மறந்துவிட்டு வந்து நிற்கிறான்!

"ஏன்டா இப்படிப் பண்ணே?"ன்னு சுரேஷ் குதிக்கிறான்.

"புடிக்கலண்ணா."

"புடிக்கலயா? எங்க இரும்பத் தின்னும்போது புடிச்சுதா?"

நானும் சும்மா இருக்கவில்லை. "ஏம்பா, இத்தன பேர் வாயக் கட்டி வயித்தக் கட்டி உனக்குக் குடுத்தது, நீ போய் பாதியில எறங்கறதுக்கா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நாள் ஓரமாக நின்றான். இப்போது வருவதில்லை. வந்தாலும் முகத்தைக் காட்ட முடியுமா?

நான் இருநூற்றித் தொண்ணூற்றொன்று, ஜெஸ்ஸி! சிஸ்டரிடம் சொல். ஒன்பதே படிதான் பாக்கி. முன்னூறு வந்தால் ஆட்டம் ஆடுகிற ஆயிரக்கணக்கான பேருக்கும் உன் பெயர் போட்டு மணி அடிப்பானாம். ஆனால் இந்த ஒன்பதுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு நீலக்கல் வேண்டும். அதன் விலைக்கு முதல் நூறு லெவலையும் ஏறிவிடலாம். தவக்காலத்தில் நகை செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. ஈஸ்டர் கழித்து முடிக்கப்போகிறேன். இவ்வளவு போட்ட பிறகு எந்தப் பைத்தியக்காரி விடுவாள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா
மார்கரெட்


நவகன்னியர் இல்லம்,
10.3.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொல்வது சரிதான். ஒன்பதுதானே, முடித்துவிடுங்கள்.

பஸ்ஸுக்குக் காசு கொடுத்த எல்லோருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள். வீடு ஒழுகுகிறவர்களிடம் வாங்கியிருக்க வேண்டாம்.

நான் நலம். சாப்பிடுகிறேன். தூங்குகிறேன்.

அம்மா, அந்தச் சந்தோஷிடம் இப்போது யாராவது பேசுகிறார்களா? அவன் திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?

இயேசுவின் அன்பில்,
நவகன்னி ஜெஸ்ஸி


மாதா துணை

தோணிரேவு,
14.4.2024

என் கண்ணே ஜெஸ்ஸி,

உன் போன கடிதத்தை நைனாவுக்கு நான் உடனே படித்துக் காட்டவில்லை. தவக்காலச் சிலுவைப்பாதை, குருத்தோலை, பெரிய வியாழன் என்று கோயிலே கதியாக இருந்தேன். ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமைதான் படித்தேன். அவர் வலையிலிருந்து நண்டை எடுத்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் கையில் நண்டோடு அப்படியே நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாமே, உன் ஆட்டத்துல எவனோ எங்கியோ வேலைய வுட்டான்னா அவளுக்கு இன்னா? வுடலாமா, வுட்டா இன்னா சொல்வாங்க, வந்தா சேத்துப்பீங்களான்னு மூணு கடுதாசியா அந்தப் பொண்ணு கேட்டுனு கீது. நீ இன்னா பதில் சொல்லிக்கினு கீறே?"

நான் மூன்று கடிதத்தையும் எடுத்துப் பரப்பினேன். நான் உனக்கு என்ன எழுதினேன் என்பது எனக்கு நினைவிருந்தது. பைத்தியக்காரி என்று எழுதினேன். முகத்தைக் காட்ட முடியுமா என்று எழுதினேன். பெற்ற பெண்ணுக்கு.

சிஸ்டர், இதையும் நீங்கள் படிப்பீர்கள். தோத்திரம். உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மகளுக்குச் சோறும் செபமும் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். அவள் கேட்டது ஒன்று, நான் பதில் சொன்னது வேறு ஒன்று. அதைச் சரி செய்யத்தான் இந்தக் கடிதம். மறைத்து எழுத எனக்குத் தெரியாது. எழுதியதைக் கிழிக்காமல் அவளிடம் கொடுங்கள்.

ஜெஸ்ஸி, முந்தாநாள் காலை உன் போனைத் திறந்தேன். தவக்காலம் முழுக்கச் சுரேஷும் வளர்மதியும் எனக்காக நீலக்கல் சேர்த்து வைத்திருந்தார்கள். அதை முதலில் அவர்களிடமே திருப்பிக் கொடுத்தேன். இதுவரை நான் செய்ய முடிந்த நல்ல மோதிரத்தையும் மாலையையும் ஆளுக்கொன்று செய்து கொடுத்தேன். கடன் இல்லை. பிறகு, இந்தத் தொழிலை மறக்கப்போகிறேன் என்று சொன்னேன்.

"ஆன்ட்டி! ஒம்போது லெவல்! வெறும் ஒம்போது!"

"தெரியும்பா. கணக்கு எழுதினவளே நான்தான்."

"அப்போ இன்னாத்துக்கு?"

"ஒருத்திக்கு வுட்டுக் காட்டணும். அதுக்கு."

வளர்மதிக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. "நல்லா யோசிச்சிட்டீங்களா ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டாள். பொத்தானை அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்றேன். அப்படியும் விடாமல், மறக்கிறேன் என்பதை இங்கிலீஷில் தட்டச் சொன்னது. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினேன்.

போய்விட்டது. இருநூற்றித் தொண்ணூற்றொன்றும் போய்விட்டது. நோட்டை எடுத்து அந்தக் கணக்கைக் கோடு போட்டு அடித்தேன். பிறகு பார்த்தால் பெண் அதே கோட்டை வாசலில் அப்படியே நிற்கிறாள். அதே பின்னல், அதே சாய்ந்த நிலை. அவள் பெயர்கூட மாறவில்லை. மோதிரம் செய்யத் தெரியாது, அவ்வளவுதான்.

"சரி வுடுங்க ஆன்ட்டி. மீன் புடிக்கிற தொழில் ஒண்ணு கீது, செலவே இல்ல, நாளையிலேந்து கத்துக்குங்க" என்றான் சுரேஷ். நைனா கேட்டுக்கொண்டே இருந்தவர், "ஏரியில நான் படறது பத்தாதுன்னு அதுலயும் மீனா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். சந்தோஷுக்கும் குழுவிலிருந்து ஆள் விட்டிருக்கிறோம். நான் பேசியது தப்பு, மன்னிச்சுக்கோ, வாப்பா என்று என் குரலிலேயே பதிவு செய்து அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. வரும்.

இன்னொன்று. சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கலாமா என்று உனக்குப் பயமிருக்கும். நீ பிறந்த நாலாம் மாதம் வாந்தியும் பேதியுமாகத் துவண்டு கிடந்தாய். பிழைத்தால் பிள்ளையை மாதாவுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். திருவிழாவில் உன்னைப் பீடத்துப் படியில் கிடத்தினோம். கோயில் உபதேசியார் உன்னைத் தூக்கிப் பிடித்து ஏலம் விட்டார். ஊரே நின்றது. நைனா ஒருவர்தான் கேட்டார். வேறு யாரும் மேலே கேட்கக் கூடாது, பெற்றவனுக்கே விட வேண்டும், அதுதான் வழக்கம். கொடுத்த பிள்ளையை மாதாவே நம் கையில் திருப்பித் தந்தாள். அன்றைக்கு அவளுக்குக் கோபம் வரவில்லை. இருபத்து மூன்று வருஷம் கழித்து வரப்போகிறதா?

பஸ்ஸைப் பற்றி நினைக்காதே. நீ வார்த்தைப்பாடு கொடுத்தால் அங்கே வரும். இல்லையென்றால் வேளாங்கண்ணிக்குப் போகும். நம் சனத்துக்குப் பஸ் கிளம்பினால் போதும், எங்கே என்பது அப்புறம். சோபியா முன்வரிசையிலிருந்து என்னை எழுப்பினால் எழுந்துகொள்கிறேன். பின்னால் உட்கார்ந்தால்தான் மின்விசிறிக் காற்று வரும்.

நீ வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. உனக்கு அங்கே மனம் நிறைந்திருந்தால் இரு, நான் முழங்காலில் நின்று நன்றி சொல்வேன். நிறையவில்லை என்றால் ஒரு நாள்கூட எங்களுக்காக இருக்காதே.

இருபத்தெட்டாம் தேதி ஞாயிறு பார்வை நாள். நானும் நைனாவும் வருகிறோம். உன் நீலச் சுடிதாரைத் துவைத்துப் பையில் எடுத்து வருகிறேன். தேவைப்படாவிட்டால் திரும்பக் கொண்டுபோய்விடுவேன், அது என்ன சுமையா?

உன் அம்மா
மார்கரெட்


20.4.2024

அம்மா,

கடிதம் வந்தது. பொறுப்புச் சிஸ்டர் என்னை அவர் அறைக்கே அழைத்துக் கையில் கொடுத்தார். கிழிக்கவில்லை. நான் படித்து முடிக்கும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நான் அழுததைப் பார்த்துவிட்டு, "எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டார். அவர் சத்தம் போடுவார் என்றுதான் இத்தனை நாள் பயந்தேன். போடவில்லை. அன்று மத்தியானம் முழுக்க என்னோடு உட்கார்ந்து பேசினார். சபைத் தலைவிக்கு அவரே எழுதுகிறாராம்.

கடைசியில் அவருக்கு ஒரே வருத்தம்தான். "உங்கம்மாவோட அந்த லெவல் இனிமே வரவே வராதா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நைனாவுக்கு என் முத்தம் சொல்லு.

பார்வை நாளுக்கு விடியற்காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடு. நீலச் சுடிதார் எனக்கு இப்போது தொளதொளவென்று இருக்கும். பச்சையை எடுத்து வா. அது அப்போதே இறுக்கமாக இருந்தது, இப்போது சரியாக இருக்கும்.

ஜெஸ்ஸி